நாற்பது பை மணல்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற நீங்கள் எழுதி அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றையும் வாசித்தேன். எந்த சென்சர் உப்புக்காற்றுக்கு நின்றுபிடிக்கும், புரொஜெக்டரை எந்த உயரத்தில் பூட்டுவது, மின்சாரம் நின்று வந்தால் வேலை தானாகத் திரும்பத் தொடங்க என்ன செய்யவேண்டும். நல்ல கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு நான் தேவையில்லை. உங்கள் கையில் இருக்கிற போனிடம் கேட்டால் என்னைவிடத் திறமாகச் சொல்லும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் பதினெட்டு வருடம் நிறுவல் கலை வேலைகளைக் கட்டி நிறுத்தியவள் உங்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. அதை நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் கலைஞர் இல்லை. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள். ஒரு கண்காட்சிக்கு மின்சுற்று ஒன்றைத் திருத்திக் கொடுக்கப் போய், அப்படியே அங்கே ஒட்டிக்கொண்டேன். கலைஞர் கனவு காண்பார். அது விழாமல், தீப்பற்றாமல், ஒருவருக்கும் ஷொக் அடிக்காமல் நிற்கச் செய்வது என் வேலை. பார்க்க வருகிறவர் கிட்டப் போனால் விளக்கு எரியவேண்டும், கையை நீட்டினால் தண்ணீர் நிற்கவேண்டும், கதிரையில் இருந்தால் எதிர்ச் சுவரில் கடல் ஓடவேண்டும். படிப்பிப்பதை விட்ட பிறகும் எல்லோரும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

முதலில் சிரிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சிரிப்புக்கு இடமில்லை. கோட்டைப் பக்கத்தில் ஒரு முற்றத்தில் வேலை ஒன்று வைத்தோம். யாராவது உள்ளே காலடி வைத்தால் ஒரு பெண்குரல் "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உபசரிக்கும். வீடு இழந்து போனவர்களைப் பற்றிய வேலை. இரண்டாம் நாள் மத்தியானம் ஊருக்குள் திரிகிற மான்கள் மூன்று உள்ளே வந்து படுத்துவிட்டன. குரல் அவற்றை ஓயாமல் உபசரித்தது. அவை கண்காட்சிக் குறிப்புகளைச் சுவரிலிருந்து இழுத்துத் தின்றன. கலைஞருக்குக் கோபம். "வேலை பிழைச்சுப் போச்சு" என்றார். "இல்லைத் தம்பி, வேலை சரியாத்தான் வேலை செய்யுது" என்றேன். நாங்கள் கட்டுகிற சாமானுக்கு ஓர் உடம்பு வந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அது யார், அதற்கு என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியாது. அதை அறிந்து வைத்திருக்கவேண்டியது நாங்கள்.

இனி மரியதாஸ் அண்ணையின் கதை.

அவர் ஓடாவி. வள்ளம் அடிப்பார், கூரை போடுவார், படிக்கட்டு வைப்பார். குச்சவெளிப் பக்கம் பிறந்தவர், கலியாணம் முடித்தபின் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் கத்தோலிக்கப் பங்கில் குடியிருந்தார். எங்கள் வேலைகளுக்கு மரச்சட்டம், மேடை, சுவர் எல்லாம் அவர்தான். என்னைவிட ஐந்தாறு வயது கூட. கதைப்பது குறைவு. ஆனால் அவர் ஒன்று நிற்கும் என்று சொன்னால் அது நிற்கும். சல்லி ஊரில் வள்ளம் வைத்திருந்தவர்கள், கரையில் கிடக்கும் பழைய வள்ளத்தை இன்னொரு வருடம் கடலில் இறக்கலாமா என்று அவரைக் கூட்டிப்போய்க் கேட்பார்கள். அவர் தட்டிப் பார்த்து "ஏலாது" என்றால், அதற்கு மேல் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். அந்தச் சொல்தான் அவருடைய சொத்து. இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

துறைமுகத்தடியில் ஒரு பழைய கிட்டங்கி, சாமான் அடுக்கி வைக்கிற கட்டடம், இருந்தது. கீழே கல், மேலே பலகைத் தளம். அந்த மேல்தளத்தில் ஒரு பெரிய மணல்தொட்டி வைக்கவேண்டும் என்று ஒரு கலைஞர் கேட்டார். இருட்டு அறை, நடுவில் மணல். நீங்கள் கிட்டப் போய் நின்றால் உங்களுக்கு முன்னால் இருக்கிற மணல் மெல்ல எழும்பி உங்கள் பக்கம் சாயும், நீங்கள் விலகினால் படுத்துவிடும். கடலோரத்தில் புதைந்து கிடப்பதெல்லாம் ஆளைக் கண்டு எழும்புவதாக அவருடைய எண்ணம். அழகான எண்ணம், இன்றைக்கும் சொல்வேன்.

தளத்தைப் பார்க்க மரியதாஸ் அண்ணையைக் கூப்பிட்டேன். வெறுங்காலோடு மேல்தளம் முழுக்க நடந்தார். பிறகு கீழே போய் உத்தரத்துக்கு அடியில் ஒரு பெட்டியைப் போட்டு இருந்து, மேலே பார்த்தபடி கேட்டார்.

"எத்தினை பை மணல் வரும், ரீச்சர்?"

"நாப்பது. உரப்பையால நாப்பது."

"ஆக்கள்?"

"ஒரு தரத்துக்கு இருபது பேர். அதுக்கு மேல விடமாட்டம்."

உளியால் உத்தரத்தை அங்கங்கே குத்திப் பார்த்தார். அரை மணித்தியாலம் எடுத்திருப்பார். "தாங்கும்" என்றார். "இருபது பேரும் ஒரே பக்கம் நிண்டாலும் தாங்கும். ஆனா நாப்பதுக்கு மேல ஒரு பையும் வேண்டாம். நாப்பத்தொண்டு எண்டாலும் எனக்குச் சொல்லோணும்."

அதற்குப் பிறகு அவர் குச்சவெளிக்கு ஒரு வள்ள வேலைக்குப் போய்விட்டார். மூன்று கிழமை.

அந்த மூன்று கிழமைக்குள்தான் மணல் மாறியது. கலைஞர் முதலில் நினைத்தது சாதாரணக் கடற்கரை மணல். அதை அசைக்க அடியில் வைத்த பொறி ஒன்றும் சரிவரவில்லை. மணல் எழும்பவில்லை, விக்கியது. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கலைஞர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. குச்சவெளிக்கு அங்கால் அதே கரையில், புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காந்தம் படிப்பிக்கிறபோது ஒரு தாளில் அதைக் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டுவேன், மயிர் சிலிர்ப்பதுபோல் எழும்பும். அதைப் பெரிதாகச் செய்தால் என்ன? உரிய அனுமதி எடுத்து, லொறி பிடித்து, நாற்பது பை இறக்கினேன். நாற்பத்தொன்று இல்லை. எண்ணித்தான் இறக்கினேன்.

லொறியில் வந்தவர்களில் ஒருவர் முதல் பையைத் தோளில் வைக்கப் பார்த்து, இறக்கிவிட்டுச் சிரித்தார். "என்ன ரீச்சர், இது மணலா இரும்பா?"

"ரெண்டும்தான்" என்றேன் நான், பெருமையாக.

வழக்கத்தில் ஓர் ஆள் தூக்குகிற பையை அன்றைக்கு இரண்டு பேர் தூக்கினார்கள். படியடியில் கிடந்த ஒரு பையை நானும் கொஞ்சம் இழுத்து ஓரமாக்கப் பார்த்தேன். நாரி, இடுப்புக்குப் பின்பக்கம், பிடித்துக்கொண்டது. அன்று பின்னேரம் நாரிக்குத் தைலம் பூசிக்கொண்டு இருக்கும்போது நினைத்தேன்: மரியதாஸ் அண்ணைக்கு ஒருக்காச் சொல்லவேண்டும். போனை எடுத்தேன். கலைஞரின் அழைப்பு வந்தது, காந்தம் ஒன்று உடைந்துவிட்டதாம். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் அடர்த்தி படிப்பித்தவள் நான். ஒரே பை, ஒரே அளவு, உள்ளே இருக்கிற பொருள் வேறு என்றால் நிறை வேறு. பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எங்கள் தொழிலில் பையால் அளந்து பழகிவிட்டது. நாற்பது என்று சொன்னேன், நாற்பது இறக்கினேன், ஆகவே சரி. பை மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, அதனால் ஒன்றுமே மாறவில்லை என்று என் தலை எனக்குச் சொல்லியது. நாரிக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம். மரியதாஸ் அண்ணை குச்சவெளியில் இருந்து அன்று காலைதான் வந்திருந்தார். மனைவி றோசலின் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும் என்பது கலைஞரின் விதி. இருபது பேரை எண்ணித்தான் மேலே விட்டோம். அறை இருட்டு. தொட்டிக்கு மேல் மட்டும் ஒரு மெல்லிய நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எந்த மணலும் கறுப்பாகத்தான் தெரியும். பிரதம விருந்தினர் தொட்டியடியில் போய் நின்றார், மணல் அவருக்கு முன்னால் எழும்பிச் சாய்ந்தது, எல்லோரும் "ஆ" என்றார்கள். நான் கலைஞரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அதுபோல் சந்தோசப்பட்ட நேரங்கள் குறைவு.

விருந்தினர் பேசத் தொடங்கினார். யாரோ என் கையைத் தொட்டார்கள். மரியதாஸ் அண்ணை.

"ரீச்சர், பலகை கதைக்குது."

"என்ன அண்ணை?"

"காலுக்குத் தெரியுது. கீழ உத்தரத்தில ஏதோ வெடிச்சிருக்கு. ஆக்களை மெல்ல இறக்குவம்."

நான் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். படக்காரர் இரண்டு பேர் கமராவோடு நின்றார்கள். நடுவில் புகுந்து "எல்லாரும் இறங்குங்கோ" என்று சொல்வதா? "பேச்சு முடியட்டும் அண்ணை" என்றேன். "ரெண்டு நிமிசம்."

அவர் ஒரு காலால் பலகையை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு, "சரி, நான் கீழ போய் ஒரு முட்டுக் குடுத்து விடுறன். நாப்பது பைதானே?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் உங்களை நிறுத்துகிறேன். அந்தக் கேள்வி காதில் விழுந்த அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. லொறிக்காரர் சிரித்தது, இரண்டு பேர் தூக்கியது, என் நாரி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "அண்ணை, இது வேற மணல், கனம் கூட, கீழ போகாதேங்கோ" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொல்லியிருந்தால் அவர் கீழே போயிருக்கமாட்டார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியிருப்பார். நான் ஏன் சொல்லவில்லை? வெட்கம். பௌதிகவியல் ரீச்சர் மணலின் நிறையைக் கணக்கெடுக்க மறந்துபோனாள் என்று அவர் அறிந்துவிடுவாரே என்ற வெட்கம். வேறு ஒரு காரணமும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"ஓம் அண்ணை. நாப்பதுதான்" என்றேன்.

அவர் இறங்கிப் போனார்.

கைதட்டல் கேட்டது, பேச்சு முடிந்தது. "எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்குவம்" என்று நான் வாயெடுத்தபோது தளம் ஒரு பக்கம் இறங்கியது. உத்தரம் முறிந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. மேலே நின்றவர்கள் சுவர்ப்பக்கம் பாய்ந்தார்கள், சிலர் படியில் உருண்டார்கள். ஒருவருக்குக் கை முறிவு, மற்றவர்களுக்குக் கீறல், காயம். தொட்டி சரிந்து, அந்தப் பக்கத்தால் மணல் முழுக்கக் கீழே போனது. மரியதாஸ் அண்ணை அங்கேதான் நின்றார், முட்டுத் தடியைத் தோளில் கொடுத்தபடி.

கையால்தான் தோண்டினோம். மண்வெட்டி கொண்டுவர யாரோ ஓடினார்கள், ஆனால் காத்திருக்க ஏலாது. நானும் றோசலின் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்து அள்ளினோம். ஒவ்வொரு பிடியும் என்ன கனம் என்று அப்போது என் கை படித்தது. முகம் வெளியே வந்ததும் அவர் மூச்சு விட்டார். உயிர் இருந்தது. முதுகெலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எழும்பி நடக்கவே இல்லை.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், ஒரு நீட்டு மேசை. தளத்தைப் பார்த்துச் சரி சொன்னது யார் என்று கேட்டார்கள். ஓடாவி மரியதாஸ் என்றேன். உண்மை. எவ்வளவு பாரத்துக்குச் சொன்னார்? நாற்பது பை மணலுக்கு. உண்மை. எவ்வளவு ஏற்றினீர்கள்? நாற்பது பை. அதுவும் உண்மை. என்ன மணல் என்று என்னையோ கலைஞரையோ ஒருவரும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். ஏலும். கேட்கத் தெரியாத மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஏலும்.

அதோடு நான் இன்னொன்றும் செய்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்களும் ஒரு நாள் இதைச் செய்யப் பார்ப்பீர்கள். அவர் எச்சரித்ததையும், பேச்சு முடியட்டும் என்று நான் இரண்டு நிமிடம் தாமதித்ததையும் நானாகவே சொன்னேன். அழுதேன். அழுகை பொய்யில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், "இவ்வளவு நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மனம் லேசாக இருந்தது. ஒரு பிழையைச் சொல்லிவிட்டேன், ஆகவே நேர்மையானவள். சின்னப் பிழையை முன்னுக்கு வைத்துப் பெரியதை அதன் பின்னுக்கு ஒளித்துவிட்டேன் என்று விளங்க எனக்கு மாதங்கள் பிடித்தன. விளங்கிய பிறகும் நான் அசையவில்லை.

அறிக்கை வந்தது. உத்தரம் பழசு, அதன் வலுவை ஓடாவி பிழையாக மதிப்பிட்டுவிட்டார் என்று இருந்தது. ஊர் அறிக்கை வாசிக்காது, ஆனால் அதில் உள்ளது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் வைத்த படிக்கட்டுகளை வேறு ஆட்களைக் கொண்டு தட்டிப் பார்த்தார்கள். சல்லியில் ஒருவர் தன் வள்ளத்தை விற்கப் போனபோது, அடித்தது யார் என்று கேட்டதற்கு வேறு ஓடாவியின் பெயரைச் சொன்னாராம். மரியதாஸ் அண்ணைதான் இதை எனக்குச் சொன்னார், சக்கரக் கதிரையில் இருந்துகொண்டு, சிரித்துக்கொண்டு. என்னால் சிரிக்க முடியவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து நான் அவர் வீட்டுக்குப் போவேன். ஒன்றரை வருடம், ஒரு மாதமும் விடவில்லை. பழம், மருந்து, பேப்பர் எல்லாம் கொண்டுபோவேன். ஒவ்வொரு முறையும் கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவர் அதில் கொண்டுவந்து நிறுத்துவார்.

"நாப்பது பை தாங்கும் எண்டு நான்தானே ரீச்சர் சொன்னனான்."

"அதை விடுங்கோ அண்ணை."

"இல்லை, என்ரை சொல்லை நம்பித்தானே நீங்கள் ஏத்தினீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயோ, என்ன கதை இது? ஆருக்கும் பிழைக்கிறதுதானே. யானைக்கும் அடி சறுக்கும்."

ஓம், அப்படித்தான் சொன்னேன். என்னுடைய பிழைக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன். மாதா மாதம் போய் மன்னித்துவிட்டு வந்தேன்.

ஒரு முறை இன்னும் கிட்ட வந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டார். "அது என்ன மணல் ரீச்சர்? கடற்கரை மணல்தானே?"

புல்மோட்டையிலும் கடற்கரைதானே என்று என் தலை உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. "ஓம் அண்ணை, கடற்கரை மணல்தான்" என்றேன்.

"ம்" என்றார். பிறகு பேப்பரில் என்ன செய்தி என்று கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் படுக்கைப் புண்ணில் கிருமி பிடித்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். பெட்டியை மூடுகிற நேரம் நான் கிட்டப் போகவில்லை. கோயில் வாசலில் தூணோடு நின்றேன்.

உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் இதோ, எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஒரு பொருளைக் காட்டிச் சரி வாங்கினால், அந்தப் பொருளில் ஒரு மணல்மணி மாறினாலும் திரும்பிப் போய்க் கேளுங்கள். எண்ணிக்கை அதேதான் என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்தாதேயுங்கள். ஆனால் இது சின்னப் பாடம், இதைப் பயிற்சிப் பட்டறையில் யாராவது சொல்லித் தருவார்கள். மற்றது யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பிழை நடந்த கணத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது மறுநாள் இரண்டு மடங்கு கனக்கும். அதற்கடுத்த நாள் அதைச் சொல்ல நியாயமான காரணம் ஒன்றும் மிஞ்சாது, சொல்லாமல் இருக்க ஆயிரம் காரணம் வரும். என்னைப் போன்ற கோழைக்கு அந்த ஆயிரமும் நல்ல காரணமாகவே தெரியும்.

அவர் செத்து எட்டாம் நாள் விசாரணைக் குழுவின் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். என்ன மணல், யாருடைய யோசனை, எவ்வளவு கனம், கடைசிக் கணத்தில் நான் சொன்ன பொய். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு றோசலின் அக்காவிடம் போனேன்.

அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொடுக்க அவர் கையில் ஈரம். அதனால் வாயால் சொன்னேன். நின்றபடி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கத்துவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் மீனைக் கழுவி முடித்து, கையைத் துடைத்து, ஒரு கதிரையை இழுத்து எனக்கு வைத்தார்.

"அவருக்குத் தெரியும், ரீச்சர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில அவற்ற காதுக்குள்ள, நகத்துக்குள்ள எல்லாம் கறுத்த மண். நான்தானே ரெண்டு நாள் கழுவினனான். கண் முழிச்ச உடன அதைக் கையில வாங்கி உருட்டிப் பாத்தவர். அந்தக் கரையில பிறந்த மனுசனுக்கு அது என்ன மண் எண்டு தெரியாமப் போகுமா?"

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் விசாரணைக்குப் போய்ச் சொல்லப்போறன் எண்டு வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. 'நான் சொன்னா தப்புறதுக்குச் சொல்லுறன் எண்டுவினம். ரீச்சர் சொன்னாத்தான் என்ரை சொல்லு நிக்கும். அவ தானாச் சொல்லுவா, பாவம், வெக்கப்படுறா' எண்டவர். அதுக்குத்தானே நீங்கள் வாற நேரமெல்லாம் அந்தக் கதையை எடுத்தவர்."

நான் கதிரையில் இருந்தேனா நின்றேனா என்று ஞாபகம் இல்லை. அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது.

"முதல் ஞாயிறு எண்டா விடியவே என்னை எழுப்பிப்போடுவார்" என்றார் றோசலின் அக்கா. "சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுவிடச் சொல்லுவார். நீங்கள் போன பிறகு, 'இண்டைக்கும் இல்லை' எண்டு சேட்டைக் கழட்டித் தருவார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற அண்டைக்கும் அந்தச் சேட்டைப் பையில வைக்கச் சொன்னவர். அடுத்த மாசம் நீங்கள் சொல்லுவீங்களாம்."